அக்கம்பக்க இரவல் குழு: தொடங்குவதும் நடத்துவதும்

பக்கத்து வீடுகள் சேர்ந்து பொருளையும் கைவேலையையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கும் இணையக் குழுக்கள் திருட்டாலோ ஏமாற்றாலோ கலைவது அபூர்வம். கேட்க ஆள் இல்லாமல் ஓய்ந்துபோகின்றன. அல்லது கொடுத்த பொருள் சொன்ன நாளில் திரும்பாமல் கசந்துபோகின்றன. கொடுக்க மனமுள்ளவர்கள் எந்தத் தெருவிலும் நிறைய இருக்கிறார்கள். கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. ஆகவே எந்த விதியை எழுதும்போதும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் கேட்பது எளிதாகிறதா? பொருள் திரும்பி வருவது உறுதியாகிறதா? இரண்டுக்கும் உதவாத விதி தேவையில்லை.

எத்தனை வீடு, யார் யார்

நடந்து போய் வாங்கிவரும் தூரம்தான் எல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டுமென்றால் ஏணியை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், திருப்பிக் கொண்டுபோவது நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போகும். 15 முதல் 25 வீடுகளோடு தொடங்குங்கள். அதைவிடக் குறைந்தால் கேட்ட பொருள் கிடைக்காது. முதல் மூன்று கோரிக்கைக்கும் பதில் வராவிட்டால் நான்காவது கோரிக்கையே வராது. 150 வீட்டைத் தாண்டினால் பெயரையும் முகத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போகும். அப்போது தெருவாரியாகவோ கட்டடவாரியாகவோ இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அபூர்வமாகத் தேவைப்படும் பொருட்களை மட்டும் இரு குழுவின் பொறுப்பாளர்களும் தங்களுக்குள் விசாரித்துக்கொள்ளலாம்.

பொறுப்பாளர்கள் மூன்று பேர் வேண்டும். ஒருவரை மட்டும் நம்பினால் அவருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் குழு நின்றுவிடும். இருவர் என்றால் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க வழி இருக்காது.

புதியவரைச் சேர்க்க, ஏற்கெனவே உள்ள ஒருவர் "இவரைத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் பொறுப்பாளர் ஒருவர் நேரில் சந்தித்துவிட்டு வர வேண்டும். அழைப்பு இணைப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப் என்றால், பொறுப்பாளர் ஒப்புதல் தந்த பிறகே ஆள் சேரும்படி குழு அமைப்புகளில் மாற்றிவைக்கலாம். இணைப்பு வெளியே பரவிவிட்டால் அதை ரத்துசெய்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். தனியாக வசிப்பவர்கள் பலர் இதை விரும்ப மாட்டார்கள். சேர்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நம் கடமை. எண்ணை மறைத்துக்கொள்ள வேண்டுமென்பவர்கள் அதிகமாக இருந்தால் டெலிகிராம் பொருந்தும்.

ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் நல்ல கருவிகளும் நிறைந்த கைப்பழக்கமும் இருக்கும், தேவையும் அதிகம். அவர்கள் கேட்பதைக் குழுவில் போடவும் பதிலைப் போய்ச் சொல்லவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

பேச ஓர் இடம், பட்டியலுக்கு ஓர் இடம்

எல்லாவற்றையும் ஒரே அரட்டைக் குழுவில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. "என்னிடம் தையல் மிஷின் இருக்கிறது" என்று இன்று எழுதியது இரண்டே நாளில் மேலே போய் மறைந்துவிடும். குழு கோரிக்கைகளுக்கு மட்டும் இருக்கட்டும். பட்டியல் கூகுள் ஷீட் போன்ற ஒரு பகிர்வு அட்டவணையில் இருக்கட்டும். அதன் இணைப்பைக் குழுவின் விவரப் பகுதியில் போட்டு வையுங்கள். பண்டிகை வாழ்த்து, பார்வர்டு செய்தி, விற்பனை விளம்பரம் மூன்றும் இந்தக் குழுவுக்கு வேண்டாம். அவை வரத் தொடங்கினால் மக்கள் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒருவருக்கு அவசரமாகச் சக்கர நாற்காலி தேவைப்படும்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விதியை மீறியவரைக் குழுவில் கண்டிக்காமல் செய்தியை நீக்கிவிட்டுத் தனியாக ஒரு வரி எழுதினால் போதும்.

அட்டவணையில் இந்த நெடுவரிசைகள் போதும்: வரிசை எண், பொருள், அளவு அல்லது திறன், கூட வரும் உதிரிகளின் எண்ணிக்கை, எத்தனை நாளுக்குத் தரலாம், உரிமையாளர் பெயர், இப்போது யாரிடம், திரும்ப வேண்டிய தேதி. கடைசி இரண்டும்தான் மிக முக்கியம். உரிமையாளர் பெயரைப் போடுங்கள், வீட்டு எண்ணைப் போடாதீர்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் தவறான கைக்குப் போகக்கூடாது. இதே காரணத்துக்காக அட்டவணையை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விடாமல், உறுப்பினர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். திருத்தும் உரிமை பொறுப்பாளர்களுக்கு மட்டும் இருக்கட்டும். எல்லோருக்கும் கொடுத்தால் யாராவது தெரியாமல் வரிசையை மாற்றி அடுக்கி, பெயர் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

பட்டியலை நிரப்பும் விதம்

"நீங்கள் என்ன தர முடியும்?" என்று கேட்டால் "அப்படி எதுவும் இல்லையே" என்றுதான் பதில் வரும். பரணில் இருப்பது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. நாற்பது பொருள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, இருப்பதற்கு நேரே டிக் போடச் சொல்லுங்கள். கூகுள் ஃபார்மில் ஐந்து நிமிட வேலை. ஏணி, ஹேமர் டிரில், ஸ்பேனர் செட், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர், பெரிய பாத்திரங்கள், மடக்கு நாற்காலி, தையல் மிஷின், சைக்கிள் பம்ப், தோட்டக் கத்தரி, பயணப் பெட்டி, கூடாரம், ஊன்றுகோல், வாக்கர், குழந்தைத் தொட்டில், எடை பார்க்கும் கருவி, புரொஜெக்டர் என்று அடுக்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தாறாவது தேறும்.

பெயர் மட்டும் போதாது. ஏணி என்றால் எத்தனை அடி, சாய்த்து வைப்பதா, தானே நிற்பதா? டிரில் என்றால் அடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமர் வசதி உண்டா, சக் (துளையிடும் கம்பியான பிட்டைப் பிடிக்கும் வாய்) 10 மி.மீ.யா 13 மி.மீ.யா, தண்டில் பள்ளமுள்ள பிட்டைச் செருகிப் பூட்டும் எஸ்.டி.எஸ். வகையா? சாதாரண உருளைத் தண்டு பிட் எஸ்.டி.எஸ். டிரில்லில் பிடிக்காது, எஸ்.டி.எஸ். பிட்டும் சாதாரணச் சக்கில் நிற்காது. இதை எழுதி வைக்காவிட்டால் ஒருவர் டிரில்லை ஒரு வீட்டிலும் பிட்டை இன்னொரு வீட்டிலும் வாங்கி வந்து இரண்டும் சேராமல் நிற்பார்.

உடைந்தால் மனம் ஒடிந்துபோகும் பொருளைப் பட்டியலில் போடாதீர்கள். பாட்டி விட்டுச்சென்ற தையல் மிஷினை அன்புக்காகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் தவிப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

சிலவற்றை இரவல் கொடுக்கவே கூடாது. ஹெல்மெட்டும் காரில் பொருத்தும் குழந்தை இருக்கையும் ஒருமுறை அடி வாங்கியிருந்தால் வெளியே தெரியாமல் உள்ளே பலமிழந்திருக்கும். வாங்குபவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மருந்து, தூசு வடிகட்டும் முகமூடி, எரிவாயுக் குழாயும் ரெகுலேட்டரும், உயரத்தில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை, செயின்சா ஆகியவையும் இந்த வகைதான். நெபுலைசர் இயந்திரத்தைத் தரலாம். முகமூடி, குழாய், மருந்துக் குப்பி மூன்றையும் வாங்குபவர் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்பது

கோரிக்கையில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: என்ன, எதற்கு, எப்போதிலிருந்து எப்போது வரை, யார் பயன்படுத்துவார்.

"கான்கிரீட் சுவரில் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஆறு துளை போட வேண்டும். 8 மி.மீ. பிட்டுடன் ஹேமர் டிரில் தேவை. சனி காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. நானே போடுவேன்."

இந்த நான்கில் "எதற்கு" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது தெரிந்தால்தான் உரிமையாளர் "என்னுடையது மரத்துக்கு மட்டும், கான்கிரீட்டுக்கு ஆகாது" என்று சொல்ல முடியும். பல சமயம் "ஆறு துளைதானே, நானே வந்து போட்டுத் தருகிறேன்" என்ற பதிலும் அதனால்தான் வரும்.

இருப்பவர் தனிச்செய்தியில் பதில் சொல்லட்டும். கிடைத்தவுடன் கேட்டவர் குழுவில் "கிடைத்தது, நன்றி" என்று எழுத வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரை நாளாகியும் பதில் இல்லையென்றால், பட்டியலைப் பார்த்து அந்தப் பொருள் உள்ளவரிடம் பொறுப்பாளர் தனியாகக் கேட்க வேண்டும். பதிலே வராத கோரிக்கை குழுவில் எல்லோர் கண்ணிலும் படும். அடுத்து கேட்க நினைத்தவர் பின்வாங்கிவிடுவார். "இப்போது தர முடியாது" என்பதற்குக் காரணம் கேட்கக்கூடாது என்பதையும் விதியாகவே எழுதி வையுங்கள். மறுக்கும் உரிமை நிச்சயமாக இருந்தால்தான் பொருளைப் பட்டியலில் போடத் துணிவு வரும்.

முதல் இரண்டு மாதம் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் வாரம் ஒன்றாவது கேட்க வேண்டும். உண்மையான தேவையாக இருக்கட்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. நடத்துபவர்களே கேட்கிறார்கள் என்று தெரிந்தால் மற்றவர்களின் கூச்சம் விலகும்.

கைமாறும் ஐந்து நிமிடம்

பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஐந்து நிமிடத்திலேயே தவிர்த்துவிடலாம். இருவர் முன்னிலையிலும் ஓட்டிப் பாருங்கள். உதிரிகளை எண்ணுங்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு புகைப்படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் நாளையும் மணியையும் வாய்விட்டுச் சொல்லி, அட்டவணையில் பதியச் செய்யுங்கள். பிறகு அந்தப் பொருளுக்கே உரிய எச்சரிக்கையைச் சொல்லிக் கொடுங்கள்.

டிரில்: ஹேமர் நிலையில் வைக்காமல் கான்கிரீட்டை அழுத்தினால் பிட் சூடேறி நீலம் பாய்ந்து கூர் மழுங்கிவிடும், மேலும் அழுத்தினால் மோட்டார் கருகும் வாடை வரும். வாடை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சக் சாவிதான் முதலில் தொலைவது. அதை ஒயரில், பிளக் இருக்கும் முனைக்கருகே கட்டிவைத்தால் தொலையாது; பிளக்கைப் பிடுங்காமல் சாவி சக்கை எட்டாது என்பதால் விபத்தும் தவிரும். துளை போடும் முன் சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடக்கூடாது. பிட் தேயும் பொருள். மழுங்கினால் வாங்கியவர் புதியது வாங்கி வைப்பது முறை.

சுருள் எக்ஸ்டென்ஷன் ஒயர்: ஹீட்டர் மாதிரி அதிக மின்சாரம் இழுக்கும் சாதனத்துக்குப் போடும்போது முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்ளே தேங்கும் வெப்பம் உறையை உருக்கிவிடும். பல சுருள்களில் சுற்றிய நிலைக்கு ஓர் அளவும் அவிழ்த்த நிலைக்கு ஓர் அளவும் அச்சிட்டிருக்கும். கொடுக்கும்போது அதைக் காட்டுங்கள்.

சாய்ப்பு ஏணி: மேலே சாயும் இடம் நான்கு அடி உயரம் என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும், எட்டடிக்கு இரண்டடி, இந்தக் கணக்கில். நெட்டுக்குத்தாக வைத்தால் பின்னால் சாயும். அதிகம் சரித்தால் கால் வழுக்கும். மேலே உள்ள மூன்று படிகளில் ஏறி நிற்கக்கூடாது. கால்களின் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் மாற்றிய பிறகே கொடுங்கள். அலுமினிய ஏணியை மின்கம்பி பக்கம் கொண்டுபோகவே கூடாது.

தையல் மிஷின்: ஊசி ஒடிவதுதான் வழக்கமான புகார். மெல்லிய துணிக்கான 75/11 ஊசியில் ஜீன்ஸ் துணியைத் தைத்தால் ஒடியத்தான் செய்யும். அதற்கு 100/16 வேண்டும். திருப்பித் தரும்போது ஒரு துண்டுத் துணியில் நான்கு அங்குலம் தைத்து அப்படியே மிஷினிலேயே விட்டுத் தரச் சொல்லுங்கள். நூல் இழுப்பு சரியாக இருக்கிறதா என்பது அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரியும்.

அழுத்தத் தண்ணீர் பீச்சும் இயந்திரம்: நிறுத்தியபின் கைப்பிடி விசையை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். சோப்புத் தண்ணீர் போட்டிருந்தால் வெறும் தண்ணீர் விட்டு அலசித் தர வேண்டும். காய்ந்த சோப்பு வால்வை அடைத்துவிடும்.

வாக்கர், ஊன்றுகோல்: அடி ரப்பர் தேய்வு, உயரத்தைப் பூட்டும் பொத்தான் இரண்டையும் பாருங்கள். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பிரேக்குகளும். இவற்றுக்கு மட்டும் தேதியைத் தளர்வாக வையுங்கள். குணமாகும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. படுக்கை, மெத்தை, துணிக் கூடாரம் போன்றவற்றில் தையல் விளிம்புகளை டார்ச் அடித்துப் பார்த்து, மூட்டைப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்த பிறகே கைமாற்றுங்கள்.

திரும்பி வருவது

பொருள் தாமதமாவதற்குக் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பது மிகக் குறைவு. வேலை பாதியில் நின்றிருக்கும், அல்லது "அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள்" என்று உரிமையாளரே சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்தைச் சொல்லவே வேண்டாம். தேதி சொல்லிக் கொடுப்பது கறார் இல்லை. வாங்கியவருக்கும் அது நிம்மதி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களைப் போலவே கருவிகளையும் இரவல் தருகிறது. அங்கேயும் ஒவ்வொரு கருவிக்கும் திருப்பும் தேதி உண்டு.

நினைவூட்டல் உரிமையாளரிடமிருந்து வரக்கூடாது. அவர் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று தோன்றும். கேட்காவிட்டால் மனதுக்குள் புழுங்குவார். பொறுப்பாளர் ஒருவர், எல்லோருக்கும் ஒரே வாசகத்தில், முந்தின நாள் மாலை அனுப்பட்டும்: "ஏணி நாளை மாலை 6 மணிக்குத் திரும்ப வேண்டும். கூடுதல் நாள் தேவையென்றால் இன்றே சொல்லுங்கள்." தேதி கடந்து இரண்டு நாளானால் போன் செய்யுங்கள், செய்தி போதாது. அதற்குப் பிறகும் வராவிட்டால், அது திரும்பும் வரை அவருக்குப் புதிய இரவல் இல்லை. இந்த ஒரு தண்டனை போதும். அபராதப் பணம் வேண்டாம்; பணம் கட்டிவிட்டால் தாமதிக்கும் உரிமையை வாங்கிவிட்டதாக ஆகிவிடும்.

உடைந்தால் என்ன செய்வது என்பதை முதல் இரவலுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிட் போன்ற தேயும் பொருட்களைத் தவிர, வழக்கமான தேய்மானம் உரிமையாளருடையது. பயன்படுத்தும்போது பழுதானால் பழுதுபார்க்கும் செலவு வாங்கியவருடையது. சரிசெய்யவே முடியாவிட்டால், எஞ்சிய ஆயுளுக்கு மட்டும் ஈடு: எட்டு ஆண்டு உழைக்கும் கருவி ஆறு ஆண்டு உழைத்திருந்தால், புதியதன் விலையில் கால் பங்கு. தொலைத்துவிட்டால் அதே தரத்தில் வேறொன்று வாங்கித் தர வேண்டும்.

கைவேலையைப் பகிர்வது

பொருளைவிடத் திறமையைப் பட்டியலிடுவது கடினம். "கணினி தெரியும்" என்று எழுதியவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். எதற்குக் கூப்பிடலாம் என்று தெரியாதே. "பழைய போனில் உள்ள படங்களையும் தொடர்பு எண்களையும் புதிய போனுக்கு மாற்றித் தருவேன், ஒரு மணி நேரம்" என்று எழுதியவரை அன்றைக்கே கூப்பிடுவார்கள். வேலையின் பெயர், ஆகும் நேரம், எதைச் செய்ய மாட்டேன் என்ற எல்லை மூன்றும் இருக்க வேண்டும்.

ஒருவர் பிழைப்புக்காகச் செய்யும் வேலையை இலவசமாகக் கேட்காதீர்கள். குழுவில் எலக்ட்ரீஷியன் இருந்தால் அவர் எதைப் பகிர விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். அவர் கிட்டார் சொல்லித் தர ஆசைப்படலாம். மின் இணைப்பு வேலை, எரிவாயு, சுவர் இடிப்பது, மருத்துவ ஆலோசனை ஆகியவை இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கட்டும். முதல் முறை ஒருவர் வீட்டுக்குள் போய் வேலை செய்யும்போது வேறொரு பெரியவரும் உடன் இருப்பது இருவருக்குமே பாதுகாப்பு.

யார் எத்தனை மணி நேரம் உதவினார் என்று கணக்கு எழுத வேண்டுமா? நாற்பது வீட்டுக்குள் தேவையில்லை. "எப்போதும் நான்தான் போகிறேன்" என்ற முணுமுணுப்பு கேட்கும்போது தொடங்குங்கள். ஜப்பானில் தெருக்கோ மிசுஷிமா 1973-இல் ஒசாகாவில் தொடங்கிய உழைப்பு வங்கி முதல், உதவிய நேரத்தைக் கணக்கில் சேர்த்து அதே அளவு உதவி பெறும் இன்றைய நேர வங்கிகள் வரை அடிப்படை ஒன்றுதான்: எந்த வேலையானாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமே. வாஷிங்டனில் கேபிடல் ஹில் பகுதிக் குடும்பங்கள் 1970-களில் குழந்தைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ள அரை மணி நேரக் கூப்பன்களை வைத்து நடத்திய கூட்டுறவு இதில் நல்ல பாடம். புழக்கத்தில் கூப்பன் குறைவாக இருந்ததால் எல்லோரும் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள். வெளியே போவதைக் குறைத்தார்கள். ஆகவே யாருக்கும் சம்பாதிக்க வாய்ப்பும் இல்லை. அதிகக் கூப்பன் கொடுத்ததும் அது சரியானது. பிறகு அளவு மீறியபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஆகவே தொடக்கத்திலேயே ஒவ்வொருவர் கணக்கிலும் ஐந்து மணி நேரம் போடுங்கள். பத்து மணி நேரம் வரை கடன் அனுமதியுங்கள். இருபதைத் தாண்டியவரை "கொஞ்சம் செலவழியுங்கள்" என்று தூண்டுங்கள்.

கைவேலை உள்ளவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்கும் பழுதுபார்க்கும் நாள் இன்னும் நல்ல வழி. மார்ட்டீன் போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே முறை இதுதான்: பொருளின் சொந்தக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் செய்ய வேண்டும், விட்டுவிட்டுப் போகக்கூடாது. துணி, சிறு மின்சாதனம், சைக்கிள் என மூன்று மேசை. மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், சால்டரிங் அயர்ன், பல அளவில் ஃபியூஸ், ஊசி நூல், பஞ்சர் ஒட்டும் சாமான். மூன்று மணி நேரத்தில் ஒரு மேசைக்கு ஆறேழு பொருளுக்கு மேல் வாங்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இலவசமாகக் கொடுத்துவிடும் பொருட்கள்

முதலில் கேட்டவருக்கே என்று வைத்தால் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கே எல்லாம் போகும். காலையில் போட்ட பொருளுக்கு இரவு வரை விருப்பம் கேட்டுவிட்டு, யாருக்கென்று கொடுப்பவர் முடிவு செய்யட்டும்.

பொறுப்பாளர் வேலை

வாரம் அரை மணி நேரம் போதும்: தேதி கடந்தவை, பதில் வராத கோரிக்கைகள், புதியவர்கள். பட்டியலில் எத்தனை பொருள் இருக்கிறது என்று பார்த்து மகிழாதீர்கள். இந்த வாரம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுங்கள். முப்பது வீட்டுக் குழுவில் வாரத்துக்கு இரண்டு கோரிக்கைக்குக் கீழே போனால், ஒதுங்கி நிற்கும் நான்கைந்து வீடுகளுக்கு நேரில் போய் "இந்த மாதம் வீட்டில் என்ன வேலை தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலிலேயே கோரிக்கை இருக்கும்.

யாராவது வீடு மாறிப் போனால், அவரிடம் உள்ள இரவலை வாங்கி, அவர் கொடுத்திருப்பதைத் திரட்டித் தந்து, அவர் பெயரில் உள்ள வரிகளை அன்றே நீக்குங்கள். மாறிப் போகிறவர் பொறுப்பாளர் என்றால், அட்டவணையின் உரிமையை அடுத்தவர் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள். அவர் கணக்கை மூடிவிட்டால் அட்டவணையும் அதோடு போய்விடும்.